மூடிவிட்டால் தீர்ந்துவிடுமா?

பிழையைச் செய்தவர் ஒருவர். அது பிழைதானா என்று விசாரிப்பவரும் அவர். தீர்ப்புச் சொல்லிவிட்டு, வந்தவன் மறுபடி வாய் திறக்காதபடி கதவைச் சாத்திப் பூட்டுகிறவரும் அவரே. எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படி நடந்தாலும் நாலு பேர் எழுந்து நின்று கேட்பார்கள். திறமூல மென்பொருள் உலகத்தில் இது அன்றாடம் நடக்கிறது, யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைக்கிறது. வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் திருவண்ணாமலைக்காரன். அருணாசலேசுவரர் இருக்கும் ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, மலைமேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் நிற்க, தென்திருப்பதி என்று பேர் வாங்கி, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டியிலிருந்தும் சனம் வந்து குவியுமே, அந்தத் திருவண்ணாமலை. கணினியில் எங்கள் ஊர்ப் பேரைத் தட்டினால் பெரிய திருவண்ணாமலைதான் முன்னால் வரும். அதில் எனக்கு வருத்தமில்லை. அது பெரிய ஊர். ஆனால் பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்திருப்பது அநியாயம். அரசு முத்திரைக்கே கோபுரம் தந்த ஊர் என்று நாங்கள் பெருமை பேசும் அந்த ஊரின் பெயர், கணினிக்குள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

முதல் எழுத்தைப் பாருங்கள். திரையில் தெரிவது ஒரே உரு. அதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ’வில் தொடங்கிப் புள்ளி, ‘ர’, ஈகாரக் குறி என்று அடுக்கினாலும் அந்த உரு வரும். ‘ஶ’வில் தொடங்கி அதே வரிசையில் அடுக்கினாலும் அதே உரு வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உள்ளே யூனிகோடு தரம் கொடுத்திருக்கும் எண்கள் வேறு. சில விசைப்பலகைகள் ஒரு விதமாக எழுதும், சில மற்ற விதமாக எழுதும். எழுதுகிறவருக்கு எது போனது என்று தெரியவே தெரியாது.

எங்கள் பக்கத்துச் சிறிய நூலகம் ஒன்றுக்குப் புத்தகப் பட்டியல் ஏற்றிக் கொடுத்தோம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை; உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்தும் திறமூல மென்பொருள் ஒன்றை நிறுவினோம். பல கைகள் தட்டச்சு செய்தன. ஒருநாள் நூலகர் கூப்பிட்டார். “அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் பத்தின பொஸ்தகம் இந்தா என் கையில இருக்கு. கம்ப்யூட்டரு இல்லங்குது. பள்ளிக்கூடத்துப் பிள்ள கேட்டு நிக்கிது, நான் என்ன சொல்ல?” போய்ப் பார்த்தேன். ஏற்றியவர் ஒரு விதம், தேடியவர் மறு விதம். புத்தகம் இருந்தும் இல்லை.

முறைப்படி வழு அறிக்கை எழுதினேன். என்ன செய்தால் பிழை வரும், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எல்லாம் வரிசையாக. திரைப்பிடிப்பு எடுத்து இணைத்தேன். சோதித்துப் பார்க்க மாதிரித் தரவும் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் போய்விடக் கூடாதே என்று பயந்து பயந்து எழுதினேன்.

பதில் ஒரே வரி. யூனிகோடு விதிப்படி இவை வெவ்வேறு எழுத்துகள், எதிர்பார்த்தபடிதான் நடக்கிறது, இது பிழையல்ல. மூடப்பட்டது.

யூனிகோடு விதிப்படியா? அந்த விதியை நான் படித்திருக்கிறேன், ஐயா. மூடியவர் படித்தாரா? ‘ஶ’ என்ற எழுத்தே யூனிகோட்டில் 2005இல், 4.1ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை ‘ஸ’வில் தொடங்கி எழுதுவதுதான் எல்லோருக்கும் இருந்த ஒரே வழி. ‘ஶ’ வந்தபின் அதில் தொடங்குவதே பொருத்தம் என்று ஆனது. அதற்குள் கோடிக்கணக்கான வரிகள் பழைய முறையில் எழுதப்பட்டாகிவிட்டன. இதெல்லாம் யூனிகோடுகாரர்களுக்கே தெரியும். அதனால்தான் இரண்டு முறைகளும் பரவலாகப் புழங்குகின்றன, இரண்டையும் நிகரானவையாகக் கொள்வது நல்லது என்று அவர்களுடைய தர நூலில், தமிழ் பற்றிய பகுதியில், அவர்களே பரிந்துரைத்திருக்கிறார்கள். என் வழக்குக்கு ஆதாரமான நூலையே எனக்கு எதிராகக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள்.

அந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன். நூல் அப்படிப் பரிந்துரைக்கிறதே ஒழியக் கட்டாயமாக்கவில்லை என்று பதில் வந்தது. யூனிகோட்டில் இயல்பாக்கம் என்று ஒரு வழி இருக்கிறது. ‘கொ’ என்பதை ஒகரக் குறி போட்டு எழுதினாலும், எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போட்டு எழுதினாலும், இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்ரீக்கு அது நடக்காது; ஒருமுறை வெளியிட்ட இயல்பாக்க விதியை மாற்றுவதில்லை என்பது அவர்களின் நிலைப்புக் கொள்கை. சரி, அவர்கள் மாற்ற வேண்டாம். தேடலின்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ள இந்த மென்பொருளில் ஒரு சின்ன விதி போதுமே! இங்கிலீசில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் தேடும்போது ஒன்றாகத்தானே கொள்கிறீர்கள்? அவற்றுக்கும் எண்கள் வேறுதானே? ‘லண்டன்’ என்று பெரிய எழுத்தில் ஏற்றி வைத்ததைச் சிறிய எழுத்தில் தேடிக் கிடைக்காவிட்டால், விதிப்படி அவை வேறு எழுத்துகள் என்று சொல்லியிருப்பீர்களா? பொழுது விடியும் முன் சரிசெய்திருப்பீர்கள்.

இப்படிக் கேட்டேன். கேட்டதுதான் குற்றமாகிவிட்டது. உரையாடல் சூடாகிவிட்டது என்று காரணம் எழுதிப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். நான் ஒருவரைத் திட்டவில்லை. ஒரு கடுஞ்சொல் இல்லை. கேள்வி கேட்டவனுக்குக் கோபக்காரன் என்று பட்டம்.

இது என் ஒருவன் கதையென்றால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். இல்லை. இன்று உலகத்தில் அதிகம் கற்பிக்கப்படும் கணினி மொழிகளில் ஒன்று பைத்தான். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் அதுதான். அதில் ‘இஸ்ஆல்ஃபா’ என்று ஒரு கட்டளை; கொடுத்த சொல் முழுவதும் எழுத்துகளால் ஆனதா என்று சொல்லும். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். பொய் என்று வரும். ‘ஆண்டாள்’ கொடுங்கள். பொய். ‘அம்மா’ கொடுங்கள். பொய். உயிர்க்குறியும் புள்ளியும் அந்தக் கட்டளையின் கணக்கில் எழுத்தே கிடையாது. குறி ஏறாத, புள்ளி வைக்காத அகர மெய்யும் தனி உயிரும் ஆய்தமும் மட்டுமே எழுத்து. தொல்காப்பியர் காலத்திலிருந்து புள்ளி வைத்து எழுதிக்கொண்டிருக்கும் மொழிக்கு இந்த நிலைமை!

சொற்களைப் பிரித்தெடுக்கும் முறையிலும் இதே கோளாறு. ஒரு பத்தியிலிருந்து சொற்களை எடு என்று பைத்தானின் வழக்கமான தேடல் வாய்பாட்டைக் கொடுத்தால், ராஜபாளையம் நான்கு துண்டாகிறது: ர, ஜப, ள, யம. எங்கள் திருவண்ணாமலை ஐந்து துண்டு: த, ர, வண, ண, மல. ஸ்ரீவில்லிபுத்தூரோ முழு நாசம். அந்தப் பெயரில் குறியோ புள்ளியோ இல்லாத எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆகவே ஸ, ர, வ, ல, ல, ப, த, த, ர என்று ஒன்பது எலும்பாக உதிர்கிறது. இந்த வாய்பாட்டை நம்பித் தேடுபொறி செய்கிறவர், சொல் எண்ணுகிறவர், எழுத்துப்பிழை திருத்தி செய்கிறவர் எல்லோருடைய வேலையிலும் தமிழ் இப்படித்தான் உடைந்து விழுகிறது.

இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. 2007இல் தேவநாகரிச் சொற்கள் துண்டாகின்றன என்று ஒருவர் பைத்தானின் வழுப்பட்டியலில் எழுதினார். 2011இல் பெர்ல் மொழி நூல்களால் பெயர் பெற்ற டாம் கிறிஸ்டியான்சன், யூனிகோட்டின் வழிகாட்டு ஆவணத்தை எண் சுட்டி, எந்த விதியை மீறுகிறீர்கள் என்று விளக்கி எழுதினார். சொல்லுக்குரிய எழுத்து என்றால் ஒட்டுக்குறிகளும் சேர்ந்தவையே என்பது அந்த ஆவணம் சொல்வது. பெர்ல் அப்படி நடக்கிறது. ஜாவா 2011இல் ஏழாம் பதிப்பில் அதற்கு ஒரு வழி வைத்தது. மாத்யூ பார்னெட் என்பவர் தனியாக ஒரு நிரலகம் எழுதி, பைத்தானிலேயே இதைச் சரியாகச் செய்ய முடியும் என்று காட்டியும் விட்டார். ஆனாலும் பைத்தானோடு கூடவே வருகிற கருவியில் இன்றும் ‘தமிழ்’ என்றால் ‘தம’ ஒன்று, ‘ழ’ ஒன்று.

பைத்தான்காரர்களின் கையேட்டைப் பாருங்கள். யூனிகோடு சொல்லும் அகரவரிசைப் பண்பு வேறு, ‘இஸ்ஆல்ஃபா’ பார்ப்பது வேறு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கையேட்டில் இருக்கிறது, ஆகவே பிழையல்ல. இதுதான் என்னை மிகவும் வதைக்கிற வாதம். பிழையாக நடக்கிறது; நடப்பதைக் கையேட்டில் எழுதுகிறோம்; எழுதிவிட்டதால் அது சரியாகிவிட்டது. இத்தனைக்கும் அதே பைத்தானில் ‘தமிழ்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அதற்கு அனுமதி உண்டு. பெயராக ஏற்கத் தெரிகிறது, சொல்லாக ஏற்கத் தெரியவில்லையா?

பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் இந்த வலி பெரிதாக வராது. அவர்களுடைய கொம்பு வைத்த எழுத்துகளுக்கெல்லாம் முழு எழுத்தாகவே இடம் கொடுத்தாயிற்று. கொரிய மொழிக்கு 1996இல், யூனிகோடு இரண்டாம் பதிப்பில், 11,172 முழு அசைகளுக்கு வரிசையாக இடம் ஒதுக்கினார்கள். ஏற்கெனவே கொடுத்த இடத்தைக்கூட மாற்றினார்கள். கொரியர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நல்லது, நான் பொறாமைப்படவில்லை. 247 எழுத்துக்காரர்கள் நாங்கள் கேட்கும்போது மட்டும் எல்லாம் நிலைத்துவிட்டது, எதையும் அசைக்க முடியாது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களை முடக்கியது. அந்த எழுத்து செய்தியாக வந்தாலே செயலி விழுந்துவிடும். ராஜபாளையத்து ராஜுக்கள் வீடுகளில் பேசும் மொழியின் எழுத்து, அமெரிக்காவில் இருக்கிறவர் போனை முடக்கியது. என்ன ஆயிற்று? அந்த மாதம் 19ஆம் தேதியே திருத்திய பதிப்பு வந்துவிட்டது. அது திறமூலம் அல்ல, ஒரு நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. இருந்தும் சில நாள்களிலேயே தீர்த்தார்கள். ஏன்? எங்கள் எழுத்தால் அவர்களுக்கு வலித்தது. எங்கள் எழுத்தால் எங்களுக்கு மட்டும் வலித்தால் அது பிழைப் பட்டியலில்கூட நிற்பதில்லை.

நிற்க விடுவதே இல்லை என்பதுதான் உண்மை. பல திட்டங்களில் இப்போது தானியங்கி ஒன்றைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட நாட்கள் யாரும் எதுவும் எழுதாவிட்டால், பழையதாகிவிட்டது என்று அதுவே முத்திரை குத்தி மூடிவிடும். பராமரிப்பாளர் பார்க்கவில்லை, பதில் சொல்லவில்லை, ஆகவே முறையீடு செத்துவிட்டது! பதில் சொல்லாதது யார் குற்றம்? பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து, ‘இன்னும் பிழை இருக்கிறது’ என்று எழுதி எழுதி அந்த முறையீட்டுக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியது பாதிக்கப்பட்டவன் தலையெழுத்தா? விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழு நடத்துகிற பிள்ளைகள், கணியம் இதழில் எழுதுகிறவர்கள், ஓப்பன் தமிழ் நிரலகத்துக்கு உழைப்பவர்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் இந்த ஓட்டைகளைத் தமிழ்ப் பக்கத்திலிருந்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் எழுத்துகளை எண்ணவே தனி நிரலகம் வேண்டியிருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்து என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது.

பராமரிப்பாளர்களின் பாடு எனக்குத் தெரியாததல்ல. அவர்களில் பெரும்பாலோர் கூலியில்லாமல் உழைக்கிறவர்கள். பொய்யான முறையீடுகளால் அவர்கள் படும் அவதியும் தெரியும். 2023இல் கர்ல் என்ற மென்பொருளில் பழைய சின்னக் குறை ஒன்றை யாரோ எடுத்து, பாதுகாப்பு ஓட்டை என்று பதிந்து, பத்துக்கு 9.8 என்று அபாய மதிப்பெண் போட்டுவிட்டார்கள். அதை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பர்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கொதித்தார்; பாதுகாப்பு ஓட்டையே இல்லை என்று விளக்கினார்; கடைசியில் ‘சர்ச்சைக்குரியது’ என்ற குறிப்பைச் சேர்த்தார்கள். அவர் கொதித்தது நியாயம். அவர் இல்லாத இடத்தில், அவரைக் கேட்காமல், அவர் பொருளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். எனக்கு நடந்ததும் அதுதானே? தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லாத அறையில் தமிழ் வழக்கு முடிந்துபோயிற்று. அவருடைய பதிவிலாவது சர்ச்சைக்குரியது என்று ஒரு சொல் ஏறியது. என்னுடையதில் அதுகூட இல்லை. பிழையல்ல என்பது மட்டும் நிற்கிறது. நாளைக்கு இதே பிழையில் மாட்டும் மதுரைக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ தேடி வந்தால், தீர்ந்துபோன விஷயம் என்று நினைத்துத் திரும்பிப் போவார்.

வேறு வழி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் பராமரிப்பாளர் சொல்வதே முடிவு அல்ல. அவருக்கும் முறையிட்டவருக்கும் ஒத்துப்போகவில்லையென்றால், வழு அறிக்கையைத் தொழில்நுட்பக் குழுவுக்கு மாற்றிவிடலாம். அதிகபட்சம் எட்டுப் பேர் கொண்ட குழு. பராமரிப்பாளரின் முடிவையே தள்ளிவைக்க அதற்கு அதிகாரம் உண்டு. அதற்கு மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும். லினக்ஸ் கணினி எந்த நிரலைக் கொண்டு தொடங்க வேண்டும் என்று ஊரே இரண்டுபட்டபோது, 727708 என்ற எண்ணுள்ள வழு அறிக்கையாகத்தான் அந்த வழக்கு அந்தக் குழுவின் முன் வந்தது. 2014 பிப்ரவரியில் வாக்குகள் சரிபாதியாக நிற்க, தலைவரின் வாக்கால் முடிவாயிற்று. தோற்றவர்களுக்கு மனக்கசப்பு இருந்தது. சிலர் விலகியும் போனார்கள். ஆனால் இரு தரப்பு வாதமும் மாதக்கணக்கில் எல்லோர் கண்ணெதிரே நடந்தது. தோற்றவன்கூட, என்னைக் கேட்காமல் முடித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு மரியாதையைத்தான் நானும் கேட்கிறேன்.

நம்மவர்கள் மேலும் எனக்கு ஆற்றாமை உண்டு. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோட்டையும் டேஸ்16ஐயும் தமிழ்நாட்டின் குறியேற்றத் தரங்கள் என்று அரசாணை போட்டார்கள். அதே ஆண்டு யூனிகோட்டுக்கான கிரந்த எழுத்துப் பட்டியலில் ழ, ற, ன முதலியவற்றைச் சேர்க்கும் முன்மொழிவு வந்தபோது, அரசே தலையிட்டு மத்திய அரசுக்கு எழுதியது. யூனிகோடு சேர்த்தியத்தில் தமிழ்நாடு அரசே உறுப்பினராகவும் இருந்திருக்கிறது. மேடைக்கும் ஆணைக்கும் குறைவில்லை. ஒரு மென்பொருளின் வழுப்பட்டியலுக்குப் போய், மூடிய முறையீட்டின் கீழே, இது எங்கள் மொழிக்குக் கேடு, எங்கள் ஆய்வாளர்கள் சாட்சி என்று ஒரு பல்கலைக்கழகம், ஒரு கல்விக்கழகம் எழுதினால் எவ்வளவு பலம்! அந்த ஒற்றை வரிக்கு ஆளில்லை. அதே பைத்தானைப் பாடமாக வைத்துவிட்டு, ‘அம்மா’ எழுத்தல்ல என்று கணினி சொல்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார்? பாடநூலில் இங்கிலீசுச் சொற்களை மட்டுமே எடுத்துக்காட்டாகக் கொடுத்தால் கேள்வியே வராது என்பதுதான் பதிலா?

ஐயா, மூடியவர்களே, நான் தானம் கேட்டு வரவில்லை. தேடலில் இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாகக் கொள்ளும் திருத்தத்தை எழுதி வைத்திருக்கிறேன், சில வரிகள்தான். வேறு மொழி எதையும் அது தொடாது. சோதனைக்கு எங்கள் வட்டாரத்து ஊர்ப் பெயர்களையும் கோயில் பெயர்களையும் இரண்டு விதமாகவும் எழுதிக் கோப்பாக்கி வைத்திருக்கிறேன். பூட்டிய பக்கத்தில் அதை இணைக்க வழியில்லை. புதிதாக ஒன்று திறந்தால், ஏற்கெனவே தீர்ந்ததன் மறுபதிப்பு என்று அதையும் மூடுவீர்கள். முதலில் அந்தப் பூட்டை எடுங்கள். ‘பிழையல்ல’ என்பதை அழித்துவிட்டு, ‘சர்ச்சையில் இருக்கிறது’ என்றாவது எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரையேனும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் முன்னால் என் கோப்பை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிழையில்லை என்றால், காரணத்தை என் முகம் பார்த்துச் சொல்லுங்கள். நான் மறுப்பேன், நீங்களும் மறுங்கள், கூட்டிவைத்து மூன்றாம் ஆள் ஒருவர் தீர்க்கட்டும். நூலகர் இன்னும் ஸ்ரீ வரும் ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் தட்டித்தான் புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறார்.